குறை சொல்லாத செடிகள்

நகரக் குடிநீர் அலுவலகத்தின் தரைத்தளத்தில் இரண்டு ஜன்னல்கள் உண்டு. ஒன்றில் பணம் கட்டலாம். மற்றொன்றில் குறை சொல்லலாம். பணம் கட்டும் ஜன்னலுக்கு எதிரே வரிசையாக நாற்காலிகள் இருக்கும். குறை சொல்லும் ஜன்னலுக்கு எதிரே ஒரு முக்காலிகூடக் கிடையாது. நின்றுகொண்டு சொல்லப்படும் குறை சுருக்கமாக இருக்கும் என்பதைக் கண்டறிந்து நாற்காலிகளை இடம் மாற்றியவர், அந்த ஜன்னலுக்கு உட்புறம் வீற்றிருந்தவரேதாம்.

அவருடைய மறுமொழி என்றும் ஒன்றே. குழாயில் தண்ணீர் வரவில்லை என்றாலும், வந்த தண்ணீர் தேநீர் நிறத்தில் இருக்கிறது என்றாலும், தெருவே மிதக்கிறது என்றாலும், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, "பாக்கலாம்" என்பார். நாளடைவில் அச்சொல்லே அவருக்குப் பெயராயிற்று. அலுவலகத்தார் அவர் முதுகுக்குப் பின்னால் 'பாக்கலாம்' என்றனர். மரியாதை அறிந்தவர்கள் 'பாக்கலாம் சார்' என்றனர்.

அவரைச் சோம்பேறி என்பது பழி. அவர் கொள்கை உடையவர். குறை என்பது காய்ச்சல் போன்றது. பெரும்பாலும் தானே தணியும் என்பது அவர் துணிபு. முதல் முறை வருபவர் கோபத்தால் வருகிறார். இரண்டாம் முறை வருபவர் வழக்கத்தால் வருகிறார். மூன்றாம் முறைக்குப் பின் ஒருவர் வரவில்லை என்றால் அவர் குறை தீர்ந்தது என்று பொருள். இந்த அளவுகோலின்படி அவர் தம் பணிக்காலத்தில் தீர்த்துவைத்த குறைகள் எண்ணிலடங்கா. மேலதிகாரிகளும் அவரைத் திறமைசாலி என்றே கருதினர்; அவர்கள் மேசைவரை எந்தக் குறையும் ஏறி வந்ததில்லை.

இல்லறத்திலும் அவர் கொள்கை பிறழவில்லை. அவர் மனைவி ஒரு பெண்கள் பள்ளியில் தையல் டீச்சர். சொல்லை நூல் போல அளந்து வெட்டுபவர். அவர்கள் வீட்டின் பின்புறம், அடுக்களையை ஒட்டி, ஒரு கட்டிலைப் போட்டால் நிறைந்துவிடும் அளவில் ஓர் இடம் இருந்தது. தலைக்குமேல் தகரக் கூரை. ஒருபுறம் வீட்டுச் சுவர். மற்றப் புறங்களில் தரை முதல் கூரைவரை கொசுவலை. அவர்கள் அதை வலைக்கட்டு என்று அழைத்தனர். அங்கே கால் உடைந்த நாற்காலி, காய்ந்த பெயின்ட் டப்பாக்கள், ஓடாத மின்விசிறி ஆகியவை குடியிருந்தன. "இங்க நாலு செடி வச்சா, காலையில காப்பி குடிக்கும்போது கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கும்" என்று தையல் டீச்சர் ஒருமுறை சொன்னார். "பாக்கலாம்" என்றார் கணவர். மறுமுறையும் சொன்னார். பின்னொருமுறையும் சொன்னார். அதன்பின் சொல்லவில்லை. ஆகவே அந்தக் குறை தீர்ந்தது.

டீச்சருக்கு முழங்காலில் அறுவைச் சிகிச்சை நடந்தது. தேறும்வரை தங்கை வீட்டில் இருப்பதாக ஏற்பாடு. ஒருநாள் மாலை தொலைபேசியில் பேசினார்.

"டாக்டர் நடக்கச் சொல்லிட்டாரு. தங்கச்சி வீட்டுத் தோட்டத்துலயே ஒரு சுத்து நடக்கறேன்."

"அப்ப எப்ப வர்ற?"

"இங்க கீழ ஒரு ரூம் சும்மாதான் கிடக்கு. இருந்துக்கோன்னு சொல்றா. இருந்துடலாம்னு நானும் நினைக்கிறேன்."

"எத்தனை நாளைக்கு?"

"நாள் கணக்கெல்லாம் இல்லீங்க. அப்படியே. மாசக் கடைசியில வந்து மிச்சத் துணிய எடுத்துக்கறேன்."

"ஏன், இங்க உனக்கு என்ன குறை?"

"குறையா?" என்று அவர் சற்று யோசித்தார். மழை வருமா என்று கேட்டவருக்கு வானத்தைப் பார்த்துச் சொல்பவர் போல, "ஒண்ணும் இல்லையே" என்றார்.

பாக்கலாம் சார் அழுகையைக் கேட்டிருக்கிறார், வசவைக் கேட்டிருக்கிறார், வழக்குப் போடுவேன் என்ற மிரட்டலைக் கேட்டிருக்கிறார். இந்தக் குரலைக் கேட்டதில்லை. இந்தக் குரலுடையவர்கள் ஜன்னலுக்கு வருவதில்லை என்பதுதான் காரணம். அன்று அவர் சர்க்கரை போடாத காப்பியை முழுவதும் குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவும்போதுதான் அதை அறிந்தார்.

மனைவி எப்போதோ கேட்டவற்றுள் எதையேனும் மாதக் கடைசிக்குள் செய்து முடித்தால் துணிகள் அலமாரியிலேயே இருக்கக்கூடும் என்று அவருக்குப் பட்டது. நினைவில் எஞ்சியிருந்தது செடி ஒன்றுதான். பக்கத்து ஜன்னலில் பணம் வாங்கும் பில் அம்மாவிடம் யோசனை கேட்டார்.

"செடியா? நீங்களா சார்?"

"ஏன், நான் வச்சா வராதா?"

"அதுக்குத் தண்ணி ஊத்தணும் சார்."

"தண்ணி ஆபீஸ்லதானேம்மா இருக்கேன்."

"அதனாலதான் சொல்றேன்."

ஆயினும் பில் அம்மா நல்ல மனத்தினர். புறவழிச் சாலையில் ஒரு செடிக்கடை இருப்பதாக வழி சொன்னார். அதை நடத்திய அம்மாள் உரத்த குரலினர். செடிகளுக்குக் காது மந்தம் என்று நினைப்பவர் போலப் பேசுவார்.

"என்ன செடி வேணும் சார்?"

"தொந்தரவு பண்ணாத செடி."

"எல்லாரும் அதத்தான் கேக்கறாங்க. இடம் எப்படி? வெயில் வருமா?"

"வலை போட்டிருக்கு. மேல தகரம்."

"மத்தியானம் அங்க நின்னு கையை நீட்டுங்க. நிழல் தரையில பளிச்சுனு விழுந்தா ஒரு ஜாதி, மங்கலா விழுந்தா ஒரு ஜாதி, விழவே இல்லன்னா செடியே வேணாம், படம் மாட்டிக்கோங்க."

அவர் மறுநாள் உணவு இடைவேளையில் வீட்டுக்கு வந்து, வலைக்கட்டின் நடுவே நின்று கையை நீட்டினார். நிழல் மங்கலாக விழுந்தது. வலைக்கு அப்பால் அடுத்த வீட்டுக்காரர் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். அவரும் மரியாதைக்குக் கையை உயர்த்தினார்.

மங்கல் நிழல் என்று கேட்டதும் செடிக்கடை அம்மாள் குரோட்டன்ஸ் வரிசையைத் தாண்டி நடந்தார். "இதுக்கெல்லாம் வெயில் வேணும். இல்லன்னா நிறம் செத்துப்போகும், அப்புறம் வெறும் இலைதான். வலைக்குள்ள காத்தும் குறைவு, ஈரம் சீக்கிரம் போகாது. மழைக்காட்டுல பெரிய மரத்துக்கு அடியில வளர்ற ஜாதிதான் உங்களுக்குச் சரி. இது கலாத்தியா. இலையப் பாருங்க, கோலம் போட்ட மாதிரி."

"இது எப்படி?"

"அழகு. ஆனா தண்ணில உப்பு இருந்தா ஓரம் கருகும், காத்து வறண்டா சுருளும், இடம் மாத்தினா கோச்சுக்கும்."

"வேணாம்."

"இது அக்லோனிமா. இலையில சிவப்பு. மண்ணு மேலாப்புல காஞ்சா ஊத்தினாப் போதும்."

"பேசுமா?"

"என்னது?"

"குறை எதுவும் சொல்லுமான்னு கேட்டேன்."

"எப்பவாவது கீழ் இலை மஞ்சளாகும்."

அது ஏற்கத்தக்க அளவு என்று அவர் முடிவு செய்தார். அடுத்து மணி பிளான்ட். அதை அறியாதவர் இல்லை. தொங்கவிட, சீப்புப் போன்ற இலைகளுடைய ஒரு பெரணி. ஈரம் தங்கும் இடம் அதற்குப் பொருந்தும் என்றார் அம்மாள். அதற்கடுத்துப் பெரிய வெண்ணிறப் பூ ஒன்றைச் சமாதானக் கொடி போல ஏந்திய பீஸ் லில்லி.

"இது ஒரு கூத்துக்காரி சார். தாகம் எடுத்தா அப்படியே மயங்கி விழுந்துடும். பாக்கறவங்க செத்துப்போச்சுன்னே நினைப்பாங்க. ஊத்தினீங்கன்னா ஒரு மணி நேரத்துல எந்திரிச்சு உக்காந்துக்கும்."

"ஆர்ப்பாட்டம் பண்றதெல்லாம் நமக்கு ஆகாதும்மா."

"அப்ப இதுதான் உங்க செடி" என்று அவர் பாம்புக் கற்றாழையைக் காட்டினார். வாள்களை நட்டுவைத்தாற்போல் விறைத்த இலைகள். "இருட்டுல வைங்க, இருக்கும். ஊருக்குப் போங்க, இருக்கும். மாசத்துக்கு ரெண்டு தடவை தண்ணி. வாயே திறக்காது."

பாக்கலாம் சார் அதை நெடுநேரம் நோக்கினார். இலைக்கு நாவைப் படைக்காத இறைவனுடைய கருணை அவருக்கு அப்போது விளங்கிற்று. அந்தச் செடிக்கு மட்டும் பளபளக்கும் ஒரு நீலப் பீங்கான் ஜாடியையும் வாங்கினார். அடியில் துளை இல்லையே என்று கேட்டதற்கு, "அளவா ஊத்தினா துளை எதுக்கு சார்?" என்றார் அம்மாள். ஜாடி நெடுநாளாக விற்காமல் இருந்தது.

ஞாயிறன்று வலைக்கட்டைக் காலி செய்தார். நாற்காலி, டப்பாக்கள், மின்விசிறி எல்லாம் பழைய சாமான்காரனிடம் போயின. சுவரோரத்து மூலையில் ஒரு பச்சைப் பிளாஸ்டிக் வாளி இருந்தது. விளிம்புவரை தண்ணீருடன் காரணமின்றி நின்றது. அதையும் கொட்டிவிட்டு அப்புறப்படுத்தினார். அந்த மூலைதான் அடுக்களை வாசலிலிருந்து நேரே கண்ணில் படும் இடம். அங்கே நீல ஜாடியைப் பாம்புக் கற்றாழையோடு நிறுத்தினார். அக்லோனிமா வலையோரம், மணி பிளான்ட் கதவின் பின்னால், பெரணி உயரே. வாசலில் நின்று பார்த்தார். எவரும் எதுவும் கேட்கவில்லை. அவருக்கு நிறைவாக இருந்தது.

சொன்ன நாளில் சொன்ன அளவு தண்ணீர் ஊற்றினார். மற்ற நாள்களில் வாசலில் நின்று ஒரு பார்வை. பாம்புக் கற்றாழை காவலாளி போல விறைத்து நிற்கும். மூன்று வாரம் கழித்து, அதன் இலைமேல் படிந்த தூசியைத் துடைக்க எண்ணி ஓர் இலையைப் பிடித்தார். இலை கையோடு வந்தது. அடுத்ததைத் தொட்டார், அதுவும் வந்தது. மேலே பச்சையாக இருந்த இலைகள் அடியில் கூழாகி நாறின. அந்தச் செடி இறந்து சில நாள் ஆகியிருக்க வேண்டும். மரியாதை கருதி நின்றுகொண்டிருந்தது.

குனிந்து ஜாடிக்குள் பார்த்தார். மண்ணுக்குமேல் விளிம்புவரை தண்ணீர் நின்றது; வழிந்தது ஜாடியின் பின்னால் சுவரோரமாக வெளியே ஓடியிருந்தது. நான் ஊற்றவில்லையே என்று வியக்கும்போதே அவர் பிடரியில் ஒரு சொட்டு விழுந்தது. நிமிர்ந்தார். கூரைக்குக் கீழே மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் குழாயின் வளைவில் இன்னொரு சொட்டு திரண்டுகொண்டிருந்தது. அது அவசரப்படவில்லை. நெடுநாள் பழகிய சொட்டு அது.

மூலையில் நின்ற வாளியின் பொருள் அப்போதுதான் அவருக்கு எட்டியது. தொலைபேசியை எடுத்தார்.

"வலைக்கட்டு மூலையில ஒரு பக்கெட் இருந்துச்சே..."

"ஆமா. பச்சை பக்கெட்."

"அத யாரு கொட்டுவா?"

"யாரு கொட்டுவா? நீங்களா கொட்டினீங்க?"

"தினமுமா?"

"ராத்திரி பாதி நிறையும். காலையில கொட்டுவேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேங்க. மூணு தடவை சொன்னேன். அப்புறம் பக்கெட் வாங்கிட்டேன்."

அந்தக் குரலில் குற்றச்சாட்டு ஏதேனும் இருக்கிறதா என்று அவர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். இல்லை. கடைக்குப் போனேன், உப்பு வாங்கினேன் என்பது போல இருந்தது. "சரி" என்று வைத்துவிட்டார். வைத்தபின் கழுத்தைத் துடைத்துக்கொள்ள வெகுநேரம் ஆயிற்று.

மறுநாள் ஜன்னலில் அமர்ந்தவருக்கு மூலைக்கடை பேக்கரிக்காரர் நினைவு வந்தது. காலையில் மாவு பிசையத் தண்ணீர் வருவதில்லை என்று வந்து நின்றவர். பிறகு வரவே இல்லை. பில் அம்மாவிடம் கேட்டார்.

"பேக்கரிக்காரர் குறை தீர்ந்துடுச்சுல்ல?"

"எந்தக் குறை சார்? அவரு லாரித் தண்ணி வாங்கிக்கிறாரு. ரெண்டு வருஷம் ஆச்சு."

அவர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டிக்கொண்டார்.

வீட்டுச் சொட்டை அடைக்கக் குழாய்க்காரரைத் தேடிப் போனார். விவரத்தைக் கேட்டு, பல்லிடுக்கில் குச்சியை நகர்த்தியபடி, "பாக்கலாம் சார்" என்றார் குழாய்க்காரர். அச்சொல்லை ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்பது அவருக்கு அதுவே முதல் முறை. உட்புறத்திலிருந்து சொல்லும்போது அதற்கு ஒரு நம்பிக்கையின் சாயல் இருப்பதாக அவர் எண்ணியிருந்தார். அவர் அங்கேயே, பழைய குழாய்க் குவியலின்மேல் உட்கார்ந்துகொண்டார். வாடிக்கையாளர்கள் வந்தார்கள், போனார்கள், அவர் எழவில்லை. மாலையில் குழாய்க்காரர் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "வாங்க சார், உங்களோட பெரிய ரோதனையாப் போச்சு" என்றார். சொட்டு நின்றது.

காலியான மூலைக்குச் செடி வேண்டும். மாதக் கடைசி நெருங்கிவிட்டது.

"எங்க சார் அந்தக் கற்றாழை?" என்றார் செடிக்கடை அம்மாள்.

"போயிடுச்சு."

"அதெப்படிப் போகும்? அதக் கொல்லவே முடியாதே!"

"சொல்லாமப் போயிடுச்சும்மா. அந்த மயங்கி விழுற செடியக் குடுங்க. அடியில துளை போட்ட தொட்டியில."

பீஸ் லில்லி வீட்டுக்கு வந்த வாரத்திலேயே தன் குணத்தைக் காட்டிற்று. அலுவலகம் விட்டு வந்தவர் வாசலில் திகைத்தார். இலைகளெல்லாம் தொட்டியின் விளிம்பில் சரிந்து, இழவு வீட்டில் தலைவிரித்தாற்போல் கிடந்தன. செம்பில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றிவிட்டு, சட்டையைக்கூட மாற்றாமல் எதிரே அமர்ந்திருந்தார். முதலில் ஒரு காம்பு அசைந்தது. பின்பு இன்னொன்று. காப்பி போட்டுக் கொண்டுவருவதற்குள் அது நிமிர்ந்து, நடந்ததற்கும் தனக்கும் தொடர்பில்லாதது போல நின்றது. இதைக் காட்டிலும் எளிதில் வளர்க்கக்கூடிய உயிர் உலகில் இல்லை என்று அவருக்குத் தோன்றியது. என்ன வேண்டும் என்று அதுவே சொல்லிவிடுகிறது, கொடுத்தால் தீர்ந்தது.

மாதக் கடைசி ஞாயிறன்று வாசலில் டாக்சி நின்றது. கைத்தடியை ஊன்றித் தையல் டீச்சர் இறங்கினார். பின்னால் அவர் தங்கை, காலியான பெரிய பை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"நல்லா இருக்கீங்களா அத்தான்? டாக்சி வெயிட்டிங்ல நிக்குது. அக்கா துணிய எடுத்ததும் கிளம்பிடறோம்."

"வாம்மா. உக்காரு. ஒரு நிமிஷம், அடுக்களைப் பக்கம் வந்து பாருங்க" என்றார் அவர்.

டீச்சர் அடுக்களை வாசலில் வந்து நின்றார். வலைவழியே வடிந்த வெளிச்சத்தில் செடிகள் இருந்தன. அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். தைத்து முடித்த சட்டையின் தையலைப் பார்ப்பது போல உட்புறத்தையும் பார்த்தார். கணவர் சுவரோடு ஒட்டி நின்றார். ஜன்னல் இல்லாத இடத்தில் கைகளை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"நல்லா இருக்கு" என்றார் டீச்சர்.

அதே குரல், தொலைபேசியில் கேட்ட அதே குறையற்ற குரல். தங்கை பையை விரித்துக்கொண்டு படுக்கையறைப் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க" என்றார் டீச்சர் சற்றுப் பொறுத்து, "மணி பிளான்ட்ட யாராவது கதவுக்குப் பின்னாடி வைப்பாங்களா? கதவத் தொறக்கிற வேகத்துல அது கழுத்து முறிஞ்சுடாது?"

"முறிஞ்சுடும்" என்றார் அவர் ஆவலோடு.

"அந்த நீல ஜாடி எதுக்கு? காலியா, தொப்பையத் தள்ளிக்கிட்டு, வாடகை கேட்டு வந்தவன் மாதிரி நிக்குது."

"எடுத்துடறேன்."

"பெரணிய இன்னும் கீழ இறக்குங்க. அண்ணாந்து பாத்தா எனக்குக் கழுத்து வலிக்கும்."

'வலிக்கும்' என்றதை அவர் கவனித்தார். அது எதிர்காலம். தங்கையும் கவனித்திருக்க வேண்டும். அலமாரிக் கதவைப் பிடித்த கையோடு திரும்பினாள்.

"அக்கா, நீ துணி எடுக்க வந்த."

"எடுக்கலாம்டி. அது எங்க ஓடப்போகுது?" என்ற டீச்சர் கைத்தடியின் நுனியால் வாசலுக்குக் கீழே சுட்டினார். "எல்லாம் சரி. இதுல நான் எப்படி இறங்குறது?"

அவர் குனிந்து பார்த்தார். அடுக்களைத் தரைக்கும் வலைக்கட்டுத் தரைக்கும் இடையே படி இல்லை. வெறும் சுவர்போல ஒரு பள்ளம். இத்தனை காலம் அதில் குதித்தே இறங்கியிருக்கிறார்கள். அறுத்துத் தைத்த முழங்கால் அதில் இறங்காது. செடிகளுக்கு எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்று கை நீட்டிப் பார்த்தவர், அவற்றைப் பார்க்க வருபவருக்குக் கால் வேண்டும் என்பதை எண்ணவில்லை.

"நான் கையைப் பிடிச்சுக்கறேன்."

"காலையில நீங்க ஆபீஸ் போயிடுவீங்க. அப்ப யாரு பிடிப்பா? பெரணியா?"

"இதுக்குத்தான் சொல்றேன்" என்றாள் தங்கை. "எங்க வீட்ல படியே கிடையாது. வழவழன்னு ஒரே தரை. வாக்கா, நேரமாகுது."

பாக்கலாம் சார் தொலைபேசியை எடுத்துக் கொத்தனாரை அழைத்தார். ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லை என்றார் கொத்தனார். "அப்ப உங்க வீட்டு வாசல்ல வந்து உக்காந்துக்கறேன்" என்றார் இவர். அது மிரட்டல்போல் ஒலிக்கவில்லை, தகவல்போல் ஒலித்தது. அதனால் கொத்தனார் அஞ்சினார். சாப்பிட்டுவிட்டு வருவதாக ஒப்புக்கொண்டார்.

டீச்சர் கணவரை ஏற இறங்கப் பார்த்தார். பின்பு தங்கையிடம், "டாக்சிய அனுப்பிடு, இல்ல நீ கிளம்பு" என்றார்.

"என்னக்கா இது?"

"இவரு நின்னு வேலை வாங்கினா அந்த ஆள் படிக்குப் பதிலா ஏணி கட்டிட்டுப் போயிடுவான். நான் பக்கத்துல இருக்கணும்."

"சரி. படி முடிஞ்சதும் வருவியா?"

"முடிஞ்சா இறங்கிப் பாக்க வேண்டாமா? நல்லா இருக்கே நீ கேக்கறது."

தங்கை அத்தானை முறைத்தாள். அக்கா சாப்பிட வேண்டிய மாத்திரைகளைப் பையின் பக்கத்து ஜிப்பிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தாள். பையைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு டாக்சியில் ஏறினாள்.

பிற்பகலில் கொத்தனார் வந்தார். டீச்சர் அடுக்களை வாசலில் நாற்காலி போட்டு அமர்ந்து, முதல் செங்கல்லிலேயே குறை கண்டார். உயரம் அதிகம் என்றார். குறைத்ததும் அகலம் போதாது என்றார். வலது ஓரம் சரிகிறது என்றார். காப்பி டம்ளரோடு இறங்குபவள் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி வேண்டாமா என்றார். கணவர் கொல்லைக்கும் வாசலுக்குமாக மணல் சுமந்தார். அவர் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. கொத்தனார் அவரை அருகே வரவிட்டு, தலையைத் தாழ்த்திக் கேட்டார்.

"அம்மா எப்பவுமே இப்படித்தானா சார்?"

"இல்லப்பா. ரொம்ப வருஷமா ஒண்ணுமே சொல்லாமத்தான் இருந்தாங்க."

"அப்ப நிம்மதியா இருந்திருப்பீங்க."

அதற்கு அவர் என்ன சொல்லியிருப்பாரோ தெரியாது. அதற்குள் மேலிருந்து குரல் வந்தது.

"அங்க என்ன ரகசியம்? கலவை காயுது, தண்ணி எங்க?"

அவர் தண்ணீர் எடுக்க விரைந்து போனார்.